முத்தல் வருஷம், இளசு வருஷம்

கோடியக்கரைக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில்தான் வரும். பூநாரை பார்த்தோம் என்பார்கள், இல்லையென்றால் ஒண்ணுமே இல்லை என்பார்கள். முதல் பதிலைப் பற்றி எனக்குக் குறையில்லை, பூநாரை பார்க்க வேண்டிய பறவைதான். இரண்டாவது பதில்தான் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரணாலய வாசலில் நின்றிருந்தபோது, வேனில் வந்திருந்த ஒரு குடும்பம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அந்த வீட்டு மனிதர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து இரக்கப்பட்டு, "சும்மா அலையாதீங்க சார். நாலு மான், ரெண்டு குதிரை, அவ்வளவுதான். பறவை ஒண்ணுமே இல்ல" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அவர்கள் வந்த வழியும் நான் வந்த வழியும் ஒன்று. வேதாரண்யம் தாண்டி, உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிற அகஸ்தியம்பள்ளியைக் கடந்ததும் சாலையை ஒட்டி உப்பளம் விரிய ஆரம்பிக்கும். அன்று காலை அந்தத் தண்ணீரில் உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடுகிற சின்னக் கரைப்பறவைகள், மட்டும் சில ஆயிரம் இருந்திருக்கும். வேன் கண்ணாடி வழியே பார்த்தால் சேற்றின் மேல் சேறு நகர்வதுபோல்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன்.

கோடியக்கரை குளிர்காலம் என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழியில் விடியற்காலை மட்டும் ஒரு பனி இறங்கும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். இதைக் குளிர்காலம் என்று நம்பி ஆர்க்டிக்கிலிருந்து ஒரு கூட்டம் வந்திறங்குகிறது என்பதே வேடிக்கை. சோழமண்டலக் கரை வடக்கேயிருந்து நேராக இறங்கிவந்து, இந்த முனையில் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு உள்பக்கம் பெரிய சதுப்பு, வெளிப்பக்கம் கடல், கடலுக்கு அப்பால் அறுபது கிலோமீட்டர் அளவில் யாழ்ப்பாணக் கரை. தெற்கே வருகிற பறவைக்குத் தரை முடிகிற மூலை இது. வழியெல்லாம் சிதறி வந்தவை இந்த மூலையில் வந்து சேர்ந்துகொள்கின்றன.

காட்டுக்குள் நடப்பது எனக்கு இப்போதெல்லாம் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. உலக்கைப்பாலை மரங்களுக்குக் கீழே சருகு புரளும் சத்தம் கேட்டால் பாதிக்குப் பாதி ஆறுமணிக்குருவியாக இருக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, பச்சையும் நீலமும் அடிவயிற்றுச் சிவப்புமாக, சருகைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். புல்வெளியில் வெளிமான்கள். கிடாயின் முதுகுக் கறுப்பும் முறுக்குக் கொம்பும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. 1967-இல் இந்தச் சரணாலயம் உண்டானதே அந்த மானுக்காகத்தான். கொஞ்ச தூரம் தள்ளி, என்றோ யாரோ அவிழ்த்துவிட்ட குதிரைகளின் வம்சம், மானுக்கான புல்லை நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் காட்டின் மேல் ஏறிப் போனபோது மானும் குதிரையும் சேர்ந்தே செத்தன. முறிந்த மரங்களின் இடைவெளியில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டிருப்பது தனிக் கவலை, அதைப் பற்றி வேறொரு நாள்.

நான் சொல்ல வந்தது சேற்றைப் பற்றி.

உப்பளத்து வரப்பில் சும்மா உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்து நின்றால் பறந்துவிடும் பறவை, உட்கார்ந்திருக்கிற ஆளைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு கொசு உள்ளான் என் செருப்புக்கு இரண்டு முழம் தள்ளி வந்து மேய்ந்தது. குருவியளவுப் பறவை. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, காலும் மூக்கும் கறுப்பு. வர்ணிக்க வேறொன்றும் கிடையாது. ஓடும், கொத்தும், ஓடும், கொத்தும். பக்கத்திலேயே ஒரு மணல் உப்புக்கொத்தி. அது அப்படியில்லை. நின்று பார்க்கும், நாலடி விறுவிறுவென்று ஓடும், ஒரே கொத்து, மறுபடி நின்று பார்க்கும். உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடுகிற பறவை, உள்ளான் மூக்கின் நுனியாலும் தேடும். அதன் அலகு நுனியில் சேற்றுக்குள் அசைவதை உணரும் நரம்புகள் இருக்கின்றன. என் பக்கத்துக் கொசு உள்ளான் இழுத்தெடுத்தது நூல் மாதிரி ஒரு சிவப்புப் புழு, கண்சிமிட்டும் நேரத்தில் காணோம். பாதம் பதிந்த இடத்தில் முன்பக்கம் மூன்று கோடு விழுந்தது, பின்பக்கம் ஒரு புள்ளி. எடை இருபதிலிருந்து முப்பது கிராம், அரைக் கோழிமுட்டை. அந்த அரை முட்டை சைபீரியாவின் மரமில்லாத உறைநிலமான தூந்திரத்தில் கோடையில் பொரிந்து, தாயும் தகப்பனும் முன்னாலேயே கிளம்பிப் போய்விட, வழி சொல்ல ஆளில்லாமல் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து என் செருப்புக்குப் பக்கத்தில் புழு இழுத்துக்கொண்டிருக்கிறது. இதைத்தான் ஒண்ணுமே இல்லை என்றார் அந்த மனிதர்.

மழைக்காலத்தில் உப்பு எடுப்பதில்லை. பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்று உப்பு நீர்த்துப்போகிறது. அந்த நீர்த்த தண்ணீரில் புழுவும் பூச்சியும் பெருகுவதால்தான் பறவை அங்கே இறங்குகிறது. தை பிறந்து வெயில் ஏற ஏற உப்பின் கடுமை கூடும். கடைசியில் உப்பு பூக்கிற பாத்தியில் ஒரு பறவைக்கும் வேலை இருக்காது. இடைப்பட்ட கடும் உப்பில் சின்னஞ்சிறு உப்பு இறால் மட்டும் தாக்குப்பிடிக்கும். தலைகீழாக அலகைக் கவிழ்த்து அதை வடிகட்டித் தின்னப் பூநாரை வரும். ஆக ஒரே உப்பளத்தில் எந்தத் தொட்டியில் எந்தப் பறவை நிற்கிறது என்பதை வைத்தே தண்ணீரின் கரிப்பைச் சொல்லிவிடலாம். அளத்தில் வேலை செய்கிறவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வதைக் கொசு உள்ளான் கால் வைத்துச் சொல்கிறது.

கறியாக வந்த பறவை

எங்கள் பக்கத்தில் உள்ளான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பறவை இல்லை, கறி. அம்மாவின் ஊர் வேதாரண்யத்துக்கு மேற்கே. சின்ன வயதில் மார்கழி லீவுக்குப் போனால், மாமா சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு கொத்து உள்ளான் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். கால்களைச் சேர்த்துத் தாழை நாரால் கட்டியிருக்கும். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து இறகு பறிப்பார். வெந்நீர் காட்டினால் தோல் வழண்டுவிடும், வறட்டிலேதான் பறிக்கணும் என்பார். மஞ்சள் தடவி, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு, நல்லெண்ணெயில் சுருள வதக்குவார்கள். எலும்பைத் துப்ப வேண்டாம், முறுக்கி அரைத்து முழுங்கிவிடலாம். சளிக்கு நல்லது என்று எங்களுக்கு இரண்டு கூடுதலாகவே வைப்பார்கள். 1972-இலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டிருந்தது, எங்கள் திண்ணைக்கு அது வந்துசேரப் பல வருடம் பிடித்தது. இன்றும் டெல்டாச் சாலைகளில் காதோடு காதாக உள்ளான் விற்கிற ஆள் அங்கங்கே உண்டு. பிடிபட்டால் வழக்கு, அபராதம், சிறை. பிடிபட வேண்டும் என்பதுதான் என் கட்சியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப்போவதை வேறுமாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோடியக்காட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு டீக்கடை. அன்று நடந்து முடித்து அங்கே உட்கார்ந்தேன். பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருக்கும். கடற்கரையில் சீசன் களைகட்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிற மாதங்கள் அவை, அதனால் வெளியூர் ஆள் என்றால் யாரும் அங்கே திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியவர் என் பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "என்ன கெடச்சுது?" என்றார். பார்த்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. உள்ளான் நிறைய இருக்கு ஐயா என்றேன். "எந்த உள்ளான்?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பேச்சு மெதுவாகத்தான் வந்தது. அம்மாவின் ஊர்ப் பேரைச் சொன்ன பிறகு கொஞ்சம் இளகினார். குதிரைவால் முடியில் கண்ணி, தென்னங்கீற்று ஈர்க்கில் கட்டி வரிசையாக ஊன்றுவது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்த வரப்பில் ஊன்றுவது, எல்லாம் சொன்னார். கெடுபிடி வந்த பிறகு விட்டாயிற்று, இப்போது கையும் நடுங்குகிறது என்றார். அதையெல்லாம் விட எனக்கு ஆச்சரியம் வேறு. "ஐப்பசியில புடிச்சா நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தும் தம்பி. கறி இருக்காது. மாசிக்கு அப்புறம் புடிச்சுப் பாரு, கையில நெய்யி ஒட்டும். ஏன்னா அது கிளம்புற காலம்." நீண்ட பயணத்துக்கு முன் கரைப்பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன, அதை எரித்துத்தான் பறக்கின்றன என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். நெஞ்செலும்பின் இரு பக்கத்தையும் தடவிப் பார்த்து மதிப்பிடுவதுதான், பறவைக் காலில் அடையாள வளையம் போட்டு ஆராய்கிறவர்களின் முறையும். பெரியவரும் அதே இடத்தில்தான் விரலை வைத்திருக்கிறார். அவர் மதிப்பிட்டது விலையை.

பிறகு பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "சில வருஷம் வர்றதெல்லாம் இளசா இருக்கும், வாயில போட்டா கரையும். சில வருஷம் ஒண்ணுகூட இளசு கெடைக்காது. அத்தனையும் முத்தல். வெந்தே தொலையாது. முத்தல் வருஷத்துல யாவாரம் படுத்துரும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். "எத்தன வருஷத்துக்கு ஒரு தடவை ஐயா?"

"அது என்ன கணக்கு? மூணு, நாலு வருஷத்துக்கு ஒருக்கா வரும். எம்.ஜி.ஆர். செத்த மார்கழி நல்லா ஞாபகம் இருக்கு. அத்தனையும் முத்தல். வாங்க ஆளும் இல்ல, கடையெல்லாம் அடைப்பு வேற."

நரியும் எலியும்

நான் ஏன் கிளாஸைக் கீழே வைத்தேன் என்று சொல்ல வேண்டும். சைபீரியாவின் வட கோடியில் தைமிர் என்றொரு தீபகற்பம். வளைமூக்கு உள்ளான் போன்ற பறவைகள் குஞ்சு பொரிக்கிற நிலம். அங்கே லெம்மிங் என்கிற எலிவகை, மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஏராளமாகப் பெருகி, அடுத்த வருடமே சரிந்துவிடும். ஆர்க்டிக் நரிக்கு அதுதான் சோறு. எலி கொழிக்கிற வருடத்தில் நரி பறவைக் கூட்டுப் பக்கம் அதிகம் திரும்பாது, குஞ்சுகள் தப்பிக்கும். எலி சரிந்த வருடத்தில் பெருகி நிற்கிற நரிகள் பசியோடு முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். அந்த ஆண்டு தெற்கே கிளம்புகிற கூட்டத்தில் இளம் பறவையே அபூர்வம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குளிர்கால வலைகளில் விழுகிற பறவைகளில் இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று வருடக்கணக்காக எண்ணித்தான் ஆய்வாளர்கள் இந்தச் சங்கிலியை நிறுவினார்கள். கோடியக்கரைப் பெரியவர் பல்லால் எண்ணியிருக்கிறார்.

1987 டிசம்பர் மார்கழியில் வேதாரண்யச் சதுப்பில் முத்தல் மட்டுமே வந்தது என்பது ஒரு தகவல். சந்தை மந்தத்தோடு சேர்த்து நினைவில் நின்றதால் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட நினைவு எத்தனை பேரிடம் எத்தனை மார்கழிக்கு இருந்திருக்கும்? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான் கதையைச் சொன்னதும் பெரியவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். பனி நாட்டில் எலி செத்தால் எனக்கு யாவாரம் படுக்குமா என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அங்கயும் நமக்கு முன்னாடியே ஒருத்தன் தின்னுட்டுத்தான் அனுப்புறானா" என்றார்.

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். வாசலில் பார்த்த மனிதர் ஒரு பறவைக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் கண்ணுக்கு உள்ளான் இல்லவே இல்லை. டீக்கடைப் பெரியவர் ஆயிரக்கணக்கில் கொன்றவர். அவருக்கு உள்ளானின் மாதம் தெரியும், காற்று தெரியும், கொழுப்பு தெரியும், வயது தெரியும். கொன்றதால் தெரிந்தது என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் இந்திய வலசை ஆய்வின் கதை அப்படிக் கடக்க விடுவதில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் தொடங்கிப் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையம் போட்டது, கோடியக்கரையும் அதன் முக்கியமான களம். பறவையியலாளர் சாலிம் அலிக்குப் பிடித்த இடம். இங்கே வளையமிட்ட பறவைகள் ரஷ்யாவில் கிடைத்திருக்கின்றன. அந்தப் பறவைகளை உயிரோடு, சிறகு சேதப்படாமல் பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? பீகாரின் மீர்ஷிகார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். அவர்களில் அலி உசேன் என்பவரின் கைத்திறன் பறவையியலாளர்கள் நடுவே பெயர்பெற்றது. பிடிக்கிற கையை ஒருவர் மதித்து அழைத்து, அதன் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். அதனால் அது அறிவியல் ஆயிற்று. எங்கள் ஊர்க் கண்ணிக்காரர் பக்கத்தில் யாரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவில்லை. அவர் கறிக்காரராகவே கிழவராகிவிட்டார்.

சட்டம் கண்ணியை எடுத்தது, சரி. கண்ணியோடு போன கண்ணுக்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. டீக்கடைக்காரரின் மகன், பள்ளிக்கூடத்துப் பையன், எங்கள் பேச்சை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். கோடியக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். பூநாரை தெரியும், நரி தெரியும், மயில் தெரியும். உள்ளான் வகை ஒன்றுகூடத் தெரியாது. பவளக்காலியைக் காட்டிக் கேட்டேன், "கொக்குக் குஞ்சா?" என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சரணாலயத்துக்குப் படம் வரைகிறவர்கள் எல்லோரும் பூநாரையைத்தான் வரைகிறார்கள். இந்தச் சேற்றுக்கும்பலுக்குள்தான் உலகத்தில் சில நூறே மிஞ்சியிருக்கிற கரண்டிமூக்கு உள்ளானும் எண்பதுகளில் இங்கே வந்து தங்கியது. அதுவும் பார்க்கக் கொசு உள்ளான் மாதிரிதான் இருக்கும். மூக்கு நுனியைப் பார்க்கிற கண் வேண்டும்.

பறவை குறைந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரியவரைக் கேட்டால், "அப்பல்லாம் எந்திரிச்சா வெயில மறைக்கும்" என்கிறார். ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாகச் சரிவைச் சொல்லிவருகிறார்கள். கண்ணிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கண்ணியை மட்டும் காட்டுவது சௌகரியமான பேச்சு, ஏனென்றால் கண்ணிக்காரன் ஏழை. மழைக்காலத்தில் அடப்பாறும் மானங்கொண்டான் ஆறும் மற்ற வடிகால்களும் இந்தச் சதுப்புக்கும் கழிமுகத்துக்கும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கலந்தால்தான் கரிப்பு தணியும், புழு பெருகும். மேலே காவிரியில் தண்ணீர் குறைந்ததும், சதுப்பின் பெரும்பகுதி உப்பளமாகக் கரை கட்டப்பட்டதும், அந்தக் கலப்பைக் குலைத்துவிட்டன. 2002-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, இருபது வருடம் தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் ஈரநிலமாக இருந்த இடம் இது. பட்டியலால் நல்ல தண்ணீர் வந்துவிடாது. உப்பளமே கூடாது என்பதும் என் பேச்சில்லை. மழைமாதங்களில் அந்தப் பாத்திகள்தான் இருக்கிற மிச்சப் பறவைக்கு மேய்ச்சல். உப்பளத்தில் நிற்கிற கூலி ஆட்களுக்கும் உப்பளம்தான் மேய்ச்சல்.

நீங்கள் போவதாக இருந்தால் தை பிற்பாதியில் போங்கள், மழைச் சேறு இறுகியிருக்கும். வேதாரண்யத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். நேரே சரணாலயத்துக்கு ஓடாமல் உப்பளச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி உட்காருங்கள். வரப்பில் இறங்குவதென்றால் அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மூக்கு நீளத்தையும் கால் நிறத்தையும் மட்டும் பார்த்தால் போதும், ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு வகை பிரிந்து நிற்கும். குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிரித்துவிடுவார்கள். பைனாகுலர் ஒன்று உபரியாக இருந்தால் அந்த டீக்கடைப் பையனிடம் ஒரு மணி நேரம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரமாகத் தருவான். பெரியவரைத் தேடாதீர்கள். உங்களிடம் வாய் திறக்க மாட்டார், உள்ளானா, அப்படின்னா என்ன என்று கேட்பார்.